கனடாப் பிளேயரும் நொண்டின படமும்

படம் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, அம்மா சொன்னார்: "தம்பி, உது நொண்டுது."

நான் முதலில் கவனிக்கவில்லை. கதாநாயகன் நின்று கதைக்கிற இடங்களில் ஒரு குறையும் இல்லை. கமரா மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து ஒரு வயலையோ தெருவையோ காட்டத் தொடங்கினால்தான் கரைச்சல். தென்னை மரங்கள் வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போயின, எங்கள் விசுவமடுக் கிரவல் றோட்டில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இருந்து வெளியே பார்க்கிற மாதிரி. அம்மா சொன்ன பிறகு எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது, கதை ஒன்றும் மனதில் ஏறவில்லை.

பிளேயர் மாமி கனடாவில் இருந்து கொண்டு வந்தது. புளூரே பிளேயர், கூடவே ஒரு பெட்டி நிறைய இறுவட்டுகள். மாமா ஸ்காபரோவில் தமிழ்க் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தவை. அங்கே இப்போது வீட்டில் யாரும் டிஸ்க் போட்டுப் பார்ப்பதில்லையாம். "எறிய மனம் வரேல்லை, நீ வைச்சுப் பார்" என்றார் மாமி. ரீவியும் மாமா அனுப்பிய காசில் வவுனியாவில் எடுத்ததுதான், 120 ஹேர்ட்ஸ் பனல், அதாவது செக்கனுக்கு 120 தடவை படம் காட்டுகிற திரை. ஆக, நல்ல ரீவி, நல்ல பிளேயர், கடையில் வாங்கிய அசல் டிஸ்க். இவ்வளவும் இருந்தும் படம் நொண்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

படம் நொண்டுவதைப் பற்றிச் சொல்ல முதல் ஒரு விசயம், வெளிநாட்டில் இருந்து சாமான் வருகிற எல்லா வீட்டுக்கும் இது தேவை. பிளேயரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கிற எழுத்தை வாசியுங்கள். 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் போட்டிருந்தால் நேரே செருகக்கூடாது, எங்கள் கரண்ட் 230 வோல்ட். பல வருடத்துக்கு முதல் வேறொரு சொந்தக்காரர் கொண்டு வந்த டிவிடி பிளேயரை நான் ஆசை மிகுதியில் அப்படியே செருகி, "டப்" என்ற சத்தத்தையும் ஒரு கருகல் மணத்தையும் மட்டும் அனுபவித்தவன். படம் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை வாசித்தேன், 120தான். 230ஐ 110 ஆக்கித் தருகிற ஒரு சின்ன ஸ்டெப் டவுன் பெட்டி வாங்கினேன். அடியில் போட்டிருக்கிற வாட்ஸைப் பார்த்து அதற்கு இரண்டு மடங்கு தாங்குகிறதாக எடுத்தால் சூடாகாது.

இனி நொண்டலுக்கு வருவோம். முதலில் நான் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். எங்கள் ஊர்ப் புழுதி தெரியும்தானே, காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் பெயர் எழுதலாம். லென்ஸ் கழுவுகிற டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டேன். மாற்றமில்லை. எச்.டி.எம்.ஐ. வயரை மாற்றினேன், விலை கூடினதாகவே எடுத்தேன், அதுவும் வீண். சொல்லப்போனால் அந்த வயர்க் காசுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பழைய மலிவு வயரே புளூரே படத்துக்குத் தாராளமாகக் காணும். வயர் பிழைத்தால் படம் வெட்டி மறையும், புள்ளி புள்ளியாகப் பொரியும், அல்லது வரவே வராது. ஒரே சீராக நொண்டாது.

அழுக்கு டிஸ்க்கும் அப்படித்தான். கீறலோ தூசியோ இருந்தால் படம் ஓரிடத்தில் நிற்கும், சதுரம் சதுரமாக உடையும், திரும்பப் போட்டாலும் அதே இடத்தில்தான் உடையும். அதற்கு வைத்தியம் மெல்லிய பருத்தித் துணி, நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பது. வட்டமாகத் துடைத்தால் துணியில் இருக்கிற மணல் தடத்தோடு தடமாகக் கீறிவிடும். எனக்கு வந்தது வேறு. படம் முழுக்க, கமரா நகர்ந்தால் மட்டும், ஒரே தாளத்தில். இந்த வித்தியாசம் முதல் நாளே விளங்கியிருந்தால் ஒரு வயர்க் காசும் ஒரு கிழமையும் மிஞ்சியிருக்கும்.

வயரிங் வேலை செய்கிற அண்ணை ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் முடித்தார். "தம்பி, அது கனடாச் சாமான், அங்க கரண்ட் அறுபது, எங்கட ஐம்பது, அதுதான் இழுக்குது." கரண்ட் செக்கனுக்கு எத்தனை சுற்று மாறி மாறி வருகிறது என்கிற எண்ணைத்தான் சொன்னார். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஸ்டெப் டவுன் பெட்டியும் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஐம்பதை அறுபது ஆக்காது. அப்போ இதைத் திருத்தவே முடியாதா என்று இரண்டு நாள் மனம் சோர்ந்து திரிந்தேன்.

அண்ணை சொன்னது பாதி பிழை, பாதி சரி. பிளேயருக்குள் போகிற கரண்ட் நேரோட்டமாக மாறித்தான் வேலை செய்கிறது, அதனால் சுவரில் ஐம்பது வந்தாலும் அறுபது வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் அறுபது என்கிற எண் கனடாவோடு வந்தது உண்மை. ஆதி காலத்து ரீவிகளை அந்தந்த நாட்டுக் கரண்டின் எண்ணிக்கையோடு ஒத்துப் போகிற மாதிரித்தான் அமைத்தார்கள். கரண்ட் அறுபதாக இருந்த அமெரிக்கா, கனடாவில் செக்கனுக்கு 60 என்றும், ஐம்பதாக இருந்த ஐரோப்பாவிலும் எங்கள் பக்கத்திலும் 50 என்றும் ரீவி பழகியது. முதலாவதை என்.ரி.எஸ்.சி. என்றும் மற்றதைப் பால் என்றும் சொல்வார்கள் (குடிக்கிற பால் இல்லை). கரண்டோடு இருந்த தொடர்பு எப்போதோ அறுந்துவிட்டது, எண்கள் மட்டும் டிஸ்க்கிலும் மெனுவிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

சினிமாவோ இந்த இரண்டிலும் சேராதது. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது செக்கனுக்கு 24 படம் (அசையாத தனிப் படங்கள்) என்று நிலைத்தது, இன்றைக்கும் பெரும்பாலும் அதேதான். இப்போது கணக்கைப் பாருங்கள். 24 படத்தை 60 தடவையில் காட்ட வேண்டும், சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு படத்தை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டுகிறது. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. ஒரு படம் திரையில் 50 மில்லி செக்கன் நிற்கிறது, அடுத்தது 33. ஒரு காலை நீட்டி வைத்து மற்றக் காலைக் குட்டையாக வைத்து நடந்து பாருங்கள், அதற்குப் பெயர் நொண்டல்தானே. அம்மா சொன்ன சொல்லை விடப் பொருத்தமான சொல் எந்தக் கையேட்டிலும் இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஊரில் கரண்ட் கம்பியே இல்லாத காலத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். ஜெனரேற்றர் இழுக்கும்போது படம் நாலு பக்கமும் சுருங்கும், பிறகு விரியும். அப்போது யாரும் ஒன்றும் சொன்னதில்லை, எண்ணெய் முடியாமல் இருந்தால் போதும். இப்போதைய ரீவி பெரிது, படம் கூர்மை, அதனால் சின்னப் பிசகும் கண்ணில் குத்துகிறது.

சரி, திருத்தியது எப்படி என்றால், பிளேயரின் செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குள் 24பி அவுட்புட் (படத்தை 60 ஆக்காமல் 24ஆகவே ரீவிக்கு அனுப்புவது) என்று ஒன்று இருந்தது, ஓஃப் ஆக. அதை ஓட்டோ ஆக்கினேன். சில பிளேயரில் 1080/24பி என்று இருக்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிலதில் மாற்ற விடாது, டிஸ்க்கை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். மாற்றினதும் ரீவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அமத்திப் பார்க்க வேண்டும், 1080பி 24 என்று மூலையில் வந்தால் காரியம் ஆச்சு, 60 என்று வந்தால் இன்னும் ஆகவில்லை. இந்தப் பட்டனைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். மெனுவில் என்ன தெரிவு செய்தோம் என்பது வேறு, ரீவிக்கு உண்மையில் என்ன போய்ச் சேருகிறது என்பது வேறு.

120 ஹேர்ட்ஸ் பனல் என்றால் 24 அழகாகப் பிரியும், ஒவ்வொரு படமும் ஐந்து தடவை. 60 மட்டும் காட்டக்கூடிய பனலுக்கு 24ஐக் கொடுத்தாலும் அது தனக்குள்ளே திரும்ப மூன்று, இரண்டு என்று நொண்டலாம், அதற்குப் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரீவி எடுக்கப் போகிறவர்கள் பெட்டியில் 200, 400, 800 என்று பெரிய பெரிய எண் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அவை உள்ளே செய்கிற வித்தைகளையும் சேர்த்துப் போடுகிற எண். பனல் 60ஆ 120ஆ என்று மட்டும் கேளுங்கள்.

இந்த மாற்றத்தோடு ஒரு புது விசயம் தொடங்கும். டிஸ்க் போட்டவுடன் திரை ஒன்றிரண்டு செக்கன் கறுத்துப் போய்த்தான் படம் வரும். "கரண்ட் நிண்டுட்டுதோ?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் விசிறியைப் பார்ப்பார். அது ரீவி 60இல் இருந்து 24க்கு மாறுகிற நேரம், பழுது இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அடுத்த நாள் சண்டைப் படம் ஒன்று போட்டோம், இப்போது நொண்டல் இல்லை, ஆனால் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஒரு ஓட்டம். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் பின்னேரச் சீரியல் மாதிரித் தெரிந்தது. ஆள் ஓடும்போது தலையைச் சுற்றி ஒரு தண்ணி விளிம்பு நெளிகிறது. இது ரீவியின் வேலை. இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படத்தைத் தானே ஊகித்து வரைந்து செருகுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஓட்டோ மோஷன் பிளஸ் என்று ஆளுக்கொரு பெயர், வேலை ஒன்றுதான். 2018 கடைசியில் ஹொலிவூட் நடிகர் டொம் குரூஸே ஒரு வீடியோவில் வந்து இதை நிறுத்திவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஒன்றை அறிவித்தார்கள், உங்கள் ரீவியில் அது இருந்தால் அதை ஒன்றைத் தெரிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் சீரியல் மாதிரி என்று யோசித்தேன். எங்கள் பக்கத்து ஒளிபரப்பில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிக் கோடுகளாகப் பிரிந்து செக்கனுக்கு 50 தடவை வரும், ஒவ்வொரு பாதியும் வேறு வேறு கணத்தில் எடுத்தது. ஆகவே சீரியலும் கிரிக்கெட்டும் பிறப்பிலேயே வழுவழுப்பு. கண் அதற்குப் பழகிவிட்டது. சினிமாவின் 24க்கு ஒரு சின்ன அதிர்வு இயல்பாகவே உண்டு, அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் சினிமாக் களை போய்விடுகிறது. அதனால் என் ரீவியில் அதை யூசர் என்பதில் வைத்து, ஜடர் (அந்த அதிர்வைத் துடைக்கிற அளவு) என்று இருந்ததைப் பூச்சியம் ஆக்கினேன். சினிமாவை 24ஆகவே காட்டுகிற தெரிவும் அதே இடத்தில் இருந்தது, ரியல் சினிமா, சினிமோஷன், ஃபிலிம் மோட் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதை ஓன் பண்ணினேன். வழுக்கலை நிறுத்தியதில் இன்னொரு லாபம், வாய் அசைவும் சத்தமும் சேர்ந்தன. இல்லாத படத்தை வரைய ரீவி எடுக்கிற நேரத்தில் சத்தம் முந்திப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "முந்தியது நல்லா இருந்துது, ஏன் மாத்தினனி?" என்றார். வழுக்கல் அவருக்குப் பழகின ருசி. சண்டை பிடிக்காமல் தீர வழி இருந்தது, என் ரீவி ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் தனித்தனியாகச் செட்டிங்ஸ் வைத்துக்கொள்கிறது. டிஷ் முதலாவதில், அதில் அம்மாவின் இஷ்டம். பிளேயர் இரண்டாவதில், அதில் என் இஷ்டம். பிக்சர் மோடை விவிட் இல் இருந்து சினிமாவுக்கு மாற்றியது, கூர்மையைக் குறைத்தது, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கிறதை நிறுத்தியது எல்லாம் இரண்டாவதில்தான். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாக மங்கலாகத் தெரியும், மூன்றாம் நாள் பழையதைப் பார்த்தால் கண் கூசும்.

டிவிடிகள் வேறு கதை. மாமாவின் பெட்டியில் முக்கால்வாசி டிவிடிதான், எல்லாம் என்.ரி.எஸ்.சி. பிளேயரில் டிவிடியையும் 24ஆக மாற்றுகிற தெரிவு தனியாக இருக்கிறது. ஒழுங்காகச் செய்த டிஸ்க்கில் அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் சிலதில் நாலைந்து செக்கனுக்கு ஒருமுறை படம் ஒரு துள்ளல் துள்ளும். அப்படியானதுக்கு ஓஃப் பண்ணிவிட்டு 60இலேயே பார்ப்பது மேல். இன்னும் சிலதில் கை அசைத்தால் கைக்குப் பின்னால் ஒரு நிழல் கை வரும். அவை 25 கணக்கில் (பாலின் 50இல் பாதி, முழுப் படங்கள்) இருந்ததை 30க்கு (என்.ரி.எஸ்.சி.யின் 60இல் பாதி) மாற்றி அடித்தவை, இரண்டு படம் ஒன்றோடு ஒன்று குழம்பி டிஸ்க்கிலேயே பதிந்து கிடக்கிறது. எந்த மெனுவும் அதைப் பிரிக்காது. ஒரு முழு இரவு அதில் மினக்கெட்டேன், நீங்கள் மினக்கெட வேண்டாம்.

கடைசியாகத் தங்கச்சியின் கலியாண டிஸ்க். அவள் லண்டனில் கட்டினாள், அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை, டிஸ்க்தான் வந்தது. அதைக் கனடாப் பிளேயரில் போட்டால் இந்த டிஸ்க்கை ஓட்ட முடியாது என்று வந்தது. முதலில் ரீஜன் என்று நினைத்தேன், கடைப் படங்களுக்குக் கனடா 1, லண்டன் 2, எங்கள் இலங்கை 5 என்று பூட்டு உண்டு. ஆனால் கலியாண வீடியோக்காரர் எரித்துத் தருகிற டிஸ்க்கில் யார் பூட்டுப் போடுகிறார்கள்? காரணம் அது பால், 25. வட அமெரிக்காவுக்கென்று செய்த பல பிளேயர்கள் பாலைத் தொடவே தொடாது. (இதே 25ஆல் இன்னொரு வேடிக்கை, 24இல் எடுத்த சினிமாவைப் பால் டிஸ்க்கில் போடும்போது கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள், 150 நிமிடப் படம் 144இல் முடியும். லண்டன் டிஸ்க்கில் ஆறு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று மாமா பல வருடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றும் வெட்டவில்லை.)

அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய டிவிடி பிளேயரை இறக்கினேன், இங்கேயே வாங்கின மலிவானது, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர். ஓடியது. ஆனால் படம் நொண்டி, மேலும் கீழும் கொஞ்சம் நசுங்கி வந்தது. செட்டப் மெனுவில் ரீவி சிஸ்டம் என்பது என்.ரி.எஸ்.சி. இல் நின்றது, முந்தி எப்போதோ ஒரு கனடாப் படம் கறுப்பு வெள்ளையாக வந்தபோது நான்தான் மாற்றி விட்டிருக்கிறேன். ஓட்டோ ஆக்கினேன், சில பிளேயரில் மல்ரி என்று இருக்கும். ரீவி டைப் 4:3 இல் கிடந்தது, 16:9 ஆக்கினேன். இன்ஃபோ பட்டனை அமத்தினால் 50. கலியாண வீடியோ சீரியலைப் போலப் பாதிப் பாதியாக எடுத்தது, அதனால் தங்கச்சி மணவறைக்கு நடந்து வருவது தண்ணி மாதிரி வந்தது, கையில் இருக்கிற மாலை ஆடுகிற ஆட்டம்கூடத் தெரிந்தது.

அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் அந்த இடத்தைப் போடச் சொன்னார். மூன்றாம் தரம் முடிய என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பதான் தெரியுது," என்றார். "சீலையைக் கரண்டைக்கு மேல தூக்கிக் கட்டி விட்டிருக்கினம். ஆர் அவளுக்கு உடுத்தி விட்டது?"